ஒரு கால் குறைந்த சொல்

காலைக் காப்பி நேரத்தில் சுகாதார நிலையத்தின் போன் அடித்தது. எடுத்தேன். ஏரிக்கு அக்கரையில் இருக்கிற கலெர்வோ.

"டாக்டர் வியாழக்கிழமை என்னைக் கொல்லப் போறாராமே. எத்தனை மணிக்கு வரணும்? வெறும் வயித்தோட வரணுமா, சாப்பிட்டுட்டு வரலாமா?"

கலெர்வோ சிரிக்காமல் பேசுகிற ஆள். வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் மருத்துவக் குறிப்பைத் திறந்து படித்திருக்கிறார். நானும் திறந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது: 'வியாழக்கிழமை நோயாளியைக் கொல்வேன்.' எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஃபின்னிஷ் மொழியில் 'தபான்' என்றால் சந்திப்பேன். 'தபன்' என்றால் கொல்வேன். தமிழில் கால் போடுகிற இடத்தில் இங்கே ஏ என்ற எழுத்தை இரண்டு முறை தட்டவேண்டும். ஒன்று விட்டுப்போனால் வைத்தியம் கொலையாகிவிடும். மற்ற தப்புச் சொற்களுக்குக் கீழே கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். இதற்குப் போடாது, இதுவும் நல்ல சொல்தானே.

எங்கள் சுகாதார நிலையத்தில் டாக்டர் வெஸ்தெரினென் ஒலிப்பதிவில் சொல்வதையெல்லாம் தட்டுகிறவள் ரைலி. ஐம்பத்தொன்பது வயது, இருபத்தாறு வருஷ சர்வீஸ். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள். டாக்டரின் இலக்கணத்தைத் திருத்தி அவருக்கே திருப்பி அனுப்புகிற துணிச்சல் அவளுக்கு மட்டும்தான் உண்டு. ஏரியில் பனிக்கட்டியை உடைத்துக் குளித்துவிட்டு வேலைக்கு வருவாள். புதிதாக வருகிற எல்லோரிடமும் ஒன்றையே சொல்வாள்: "கீபோர்டு தப்பு பண்ணாது, விரல்தான் தப்பு பண்ணும்." நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கும் கிடைத்தது.

அதனால் கலெர்வோவின் கேள்வியை அவளிடம் போய்ச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது. பெரிய வாத்தியாரம்மா, மாட்டினாளா!

ரைலி சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத தாரணி," என்றாள். "ஒரு வாரமாவே இப்படித்தான். ரெண்டு தடவை தட்டினா ஒண்ணுதான் விழுது. கோடு போட்டதையெல்லாம் திருத்திட்டேன். இது தப்பிச்சுப் போயிடுச்சு."

"அப்ப கீபோர்டுதான் போச்சு. யார்க்கோவைக் கூப்பிடலாம்." நகராட்சியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவன் யார்க்கோ.

"வேண்டாம்."

"ஏன்?"

"மெதுவா தட்டினா ரெண்டும் விழுது. வேகமா தட்டினா ஒண்ணு போயிடுது. கீபோர்டுக்கு மெதுவா, வேகமாங்கறதெல்லாம் தெரியுமா?" தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுடைய நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்தவள் எய்லா. கை நடுக்க நோய் வந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டவள். நடுக்கம் தொடங்கியதிலிருந்து கரண்டியைப் பிடிக்க முடியாமல் போனதுவரை ரைலி பக்கத்து மேஜையிலிருந்து பார்த்திருக்கிறாள். இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள் எய்லா. காப்பிக்கு வா வா என்று அவளும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ரைலி ஒரு தடவைகூடப் போகவில்லை. ரைலியின் அப்பாவுக்கும் அதே நோய் இருந்தது.

என் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரெண்டு கீபோர்டையும் மாத்திப் போட்டுப் பாப்போம்," என்றேன். "உன்னுது என்கிட்ட வந்தும் முழுங்குச்சுன்னா கீபோர்டு மேல தப்பு. அவ்வளவுதான்."

"முழுங்கலைன்னா?"

நான் என் கீபோர்டின் வயரைப் பிடுங்கக் குனிந்தேன். "வேண்டாம்" என்றாள்.

மூன்று நாள் அவள் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தட்டிவிட்டு, கண்ணைத் திறந்து, திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். மத்தியானம் சூப்பைக் கோப்பையில் ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். தட்டும் கரண்டியும் எடுத்தால் நான் பார்ப்பேனாம். உண்மைதான், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் பயம் வந்துவிட்டது. நடுங்குகிறதா, நடுங்கவில்லையா என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் எனக்கு எல்லோருடைய கையும் நடுங்குகிறமாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே தன் கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். "சரி, மாத்து."

மாற்றினேன். அவள் கீபோர்டில் நான் 'தபான்' என்று பத்துத் தடவை, எத்தனை வேகமாக முடியுமோ அத்தனை வேகமாகத் தட்டினேன். பத்தும் சரியாக வந்தன. பதினொன்றாவதாவது தப்பாக வரக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே தட்டினேன். அதுவும் சரியாக வந்தது.

ரைலி தட்டுவதை நிறுத்தியிருந்தாள். எழுந்து போய் அவள் திரையைப் பார்த்தேன். என் கீபோர்டில் அவள் தட்டியது: கொல்வேன் கொல்வேன் கொல்வேன் கொல்வேன்.

"ஆக, கீபோர்டு இல்ல," என்றாள் ரைலி. "திங்கட்கிழமை தலைமை நர்ஸ்கிட்ட சொல்லிடறேன். மாத்திரை அளவெல்லாம் தட்டற கை இது. இந்தத் தடவை கலெர்வோ வேடிக்கையா எடுத்துக்கிட்டார். நாளைக்கு இன்னொருத்தருக்கு ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சுன்னா?"

அந்தப் பாழாய்ப்போன யோசனையைச் சொன்ன என் வாயை நானே நொந்துகொண்டேன். அவள் கம்ப்யூட்டரில் நானும் தட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருவருடைய அடையாள அட்டை செருகியிருக்கும்போது இன்னொருவர் அதில் கை வைக்கக் கூடாது, நோயாளிகளின் ரகசியம். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் மீறியதில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறதென்றே அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. யார்க்கோவுக்குத் தனியாக வேறு அட்டை உண்டு. அவளுக்குத் தெரியாமல் மருந்தறைக்குள் போய் அவனுக்குப் போன் போட்டேன்.

மத்தியானம் யார்க்கோ வந்தான். அவனைப் பார்த்ததும் ரைலி என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் தன் அட்டையை உருவிக்கொண்டு எழுந்தாள். கைகள் இரண்டையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் யார்க்கோ முதலில் தன் பெயரைத் தட்டிப் பார்ப்பான். தட்டினான். திரையில் வந்தது 'யார்கோ'.

"என்ன இது, என் பேர்ல பாதியைக் காணோம்?" திரும்பத் தட்டினான். யார்கோ. திரும்பவும் யார்கோ.

ரைலி சுவரைவிட்டு நகர்ந்து அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "உனக்குமா?" என்றாள்.

"அட, இது இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள எய்லாவுக்காக நான் வச்சுக் கொடுத்தது!" என்றான் யார்க்கோ. "அவங்க கை நடுங்கி ஒரே எழுத்தை நாலஞ்சு தடவை தட்டிடும். அதனால ரெண்டாவது தட்டைக் கண்டுக்காதேன்னு சொல்லி வச்சிருந்தேன். அவங்க போனப்புறம் நிறுத்திட்டேனே. மறுபடி யார் எழுப்பினது? வலது பக்க ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடிச்சாத்தான் எழுந்திருக்கும். அப்படி யாரு பிடிப்பாங்க?"

ரைலிதான் பிடிப்பாள். நோயாளியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் டாக்டர் வெஸ்தெரினென் ஒரு பெருமூச்சு விடுவார், மூக்கைச் சிந்துவார், காகிதத்தைப் புரட்டுவார். பெயர் வந்தவுடன் பெரிய எழுத்தில் தொடங்க ரைலியின் விரல் ஷிஃப்டில் காத்துக்கொண்டே இருக்கும். போன வாரம் ஒரு பெருமூச்சு எட்டு விநாடியைத் தாண்டியிருக்கிறது; வேண்டுமா என்று திரையில் ஒரு பெட்டி எழும்பிக் கேட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் அடுத்த வரிக்குப் போக என்டரைத் தட்டியிருக்கிறாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டர்.

யார்க்கோ அதை நிறுத்திவிட்டுப் போனான். ரைலி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன், கரண்டியோடு. சர்க்கரை போட்டு, தேவைக்கு அதிகமாகவே கலக்கினாள்.

பிறகு தன் போனை எடுத்தாள். எய்லாவுக்கு ஒரு செய்தி தட்டினாள்: 'ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சந்திப்பேன்.' அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் நீட்டினாள். "ரெண்டு ஏ இருக்கான்னு பாரு."

"இருக்கு. உயிரோடதான் விடப்போற," என்றேன்.

பதில் வர இருபது நிமிஷமானது. அதுவரை ரைலி ஒரு வரிகூடத் தட்டவில்லை. வந்தது ஒரே சொல்: 'துலே', அதாவது 'வா'. அதற்கு ஒரு யூ போதும். எய்லாவின் போனில் யாரும் எதையும் வைத்துக் கொடுக்கவில்லைபோல. ரைலி அந்த யூக்களை விரல் வைத்து எண்ணினாள். ஒன்பது இருந்தன.