கைப்பேசிப் பெரட்டு

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பிறகு அதையும் அழித்து வீடு கட்டி விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். நான் ஜெலாப்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சிங்கப்பூரில்.

தோட்டத்துப் பையன் ஒருவன் எங்களையெல்லாம் தேடிப் பிடித்து வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கினான். 'பெரட்டு' என்று பெயர் வைத்ததும் அவன்தான். அந்தக் காலத்தில் விடியுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. ஒரு பேருக்குக் குரல் வராவிட்டால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் லயத்துக்கே தேடி வந்துவிடுவார். அன்பெல்லாம் ஒன்றும் கிடையாது, பால் எடுக்க மரம் சீவாமல் கிடக்குமே என்ற கவலை. ஆனாலும் வந்து கதவைத் தட்டினார் அல்லவா?

குழுவிலும் அதே முறை. காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு படம் போட வேண்டும். ரோஜாப்பூ, முருகன், பேரப்பிள்ளை, எதுவாக இருந்தாலும் சரி. நான் சாமி விளக்கை ஏற்றிப் படம் எடுத்துப் போடுவேன். லயத்தில் எனக்கு அடுத்த கதவில் இருந்தவள், என் கூடவே மரம் சீவப் போனவள், இப்போது தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் அவளும் தனிதான். அவள் தன் கோப்பி கிளாஸைப் படம் எடுத்துப் போடுவாள். ஓரத்தில் அவள் விரல் பாதிப் படத்தை மறைத்திருக்கும். எத்தனை தடவை சொன்னாலும் அந்த விரலை எடுக்கத் தெரியாது, மண்டு.

படம் வந்தால் ஆள் இருக்கிறது, வராவிட்டால் யாராவது தேடுவார்கள். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து கஞ்சி வைக்கக்கூடத் தெம்பில்லை, விளக்கும் ஏற்றவில்லை. தலைமாட்டில் கைப்பேசி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பூவும் சாமியுமாக வந்து விழுந்ததே தவிர, என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. மகனுக்குச் சொன்னேன். 'மருந்து சாப்புடுங்கம்மா' என்று எழுதி, கூடவே ஓர் இதயத்தை அனுப்பினான். அந்த இதயத்தைப் போட்டு நான் கஞ்சியா காய்ச்ச முடியும்?

காய்ச்சல் விட்டது, எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. யார்தான் கேட்கிறார்கள் பார்த்துவிடலாம் என்று படம் போடாமலே இருந்தேன். ஐயோ, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. குளிக்கப் போனால்கூடக் கைப்பேசியைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுத்தான் போவேன். சந்தையில் மீன்காரர், "அக்கா, மீனைப் பாருங்கலா, போனையே பாத்தா எப்படி?" என்று கேலி செய்தார். ஃபேஸ்புக்கைத் திறந்தால் அதே தோட்டத்து ஆட்கள் குடும்பத்தோடு கேமரன் மலையில் ஸ்ட்ராபெரி கடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் சிரித்தால் எனக்கு என்ன நஷ்டம்? ஆனால் வலித்தது. அன்று சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில், கடைசியாக நான் எப்போது விளக்குப் போட்டேன் என்று பார்க்கக் குழுவை மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஆளைத் திட்டுவதற்குக் கணக்கு வேண்டுமே. என் விளக்கு வந்தது. அதைச் சுற்றிப் பூக்கள் இருந்தன, கோப்பி கிளாஸ் இல்லை. இன்னும் மேலே தள்ளினேன். அங்கும் இல்லை. வெகுதூரம் போனபிறகுதான் அந்த விரல் தெரிந்தது. நான் நிறுத்துவதற்கு முன்பே அவள் நின்றுபோயிருக்கிறாள். தினமும் அந்தக் குழுவையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

உடனே அழைத்தேன். வெகுநேரம் மணி அடித்தபிறகு எடுத்தாள்.

"நான்தான்டி. நல்லா இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். தீபாவளி கழிச்சுக் கேட்டிருக்கலாம்லா, என்ன அவசரம்?"

"ஏன்டி படம் போடல?"

"குளிக்கற பிலேக்கல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. எப்பவோ கட்டும் பிரிச்சாச்சு. அப்புறம், யாராச்சும் கேக்கறாங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒனக்கு என்ன, காய்ச்சலா?" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வெளக்கு வரலையே. தெனமும் பாப்பேன்லா."

"தெரிஞ்சும் ஏன்டி கூப்பிடல?" என்று கத்தினேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "நீ மொதல்ல கேப்பேன்னு இருந்தேன்."

வாய்க்கு வந்தபடி அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. எந்த வாயை வைத்துக்கொண்டு திட்டுவது? தைப்பிங் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. செருப்பைத் தேடிக்கொண்டே, "கோப்பி கலக்கி வை, வாரேன்" என்றேன்.

"ரெண்டு கிளாஸா?" என்று கேட்டாள்.

"ஆமாடி, ரெண்டு" என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.