பத்துக்குப் பிறகு பெரிய மணி

இன்று காலை நான்கு வயது மகள் ஜெனியை எல்கேஜி நேர்காணலுக்கு அழைத்துப் போனேன். லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்தே அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

டீச்சர் மேஜையில் சிவப்புக் கட்டைகளைப் பரப்பி, “கவுண்ட் மாடு புட்டா” என்று கன்னடத்தில் எண்ணச் சொன்னார்.

ஜெனி ஒவ்வொன்றாக நகர்த்தி அழகாகப் பத்து வரை எண்ணினாள். நிறுத்திவிட்டாள். மேஜையில் இன்னும் கட்டைகள் இருந்தன.

“நெக்ஸ்ட்?”

ஜெனி மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். “பெரிய மணி எங்க மிஸ்?”

வீட்டில் ஜெபமாலையைத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணப் பழக்கியிருந்தேன். அதில் பத்துச் சின்ன மணி முடிந்ததும் ஒரு பெரிய மணி வரும்; அங்கே நின்று வேறொரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பத்து.

“பதினொண்ணு சொல்லுடி” என்று கிசுகிசுத்தேன்.

“எப்படிம்மா? இன்னும் பரலோக மந்திரமே சொல்லலியே!” என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.

டீச்சர் சிரித்தாரா, இருமினாரா என்று இப்போதுவரை தெரியவில்லை. முடிவை மெசேஜில் அனுப்புவார்களாம்.

மனது அடங்கட்டும் என்று ஜெபமாலையோடு உட்கார்ந்தேன். பத்துச் சின்ன மணி உருட்டி முடிந்ததும் நானும் நின்றுவிடுகிறேன், போனைப் பார்க்க.

நாளை இன்னொரு பள்ளியில் நேர்காணல். நடுவில் எங்கும் நிற்காமல் எண்ணக்கூடிய பொருள் எது என்று யாராவது இன்றைக்குள் சொல்லுங்கள்.