ஹந்தானை தெரியாத நாள்

கண்டிக்காரர்களிடம் காற்றைப் பற்றி மட்டும் குறை சொல்லக் கூடாது. கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எங்கள் கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூச்சை நன்றாக இழுத்து, "என்னா காத்து" என்பார்கள். அவர்கள் இழுத்தது அதே பஸ்ஸின் புகை. அம்மாவுக்கோ தை மாசியில் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை எல்லாமே பனிதான். சுற்றிலும் மலை நிற்கிற பள்ளத்தில் இத்தனை வாகனங்கள் விடுகிற புகை எங்கே போகும் என்று கேட்டால், "பேசாம ஸ்வெட்டரப் போடுடி" என்பாள்.

இப்போது காற்றின் தரத்தை ஃபோனிலேயே சிவப்பு, பச்சை என்று காட்டுகிறார்கள். எனக்கு எங்கள் வாசல் போதும். வைகாசியில் மழைக்காற்று வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டால், டவுனுக்கு அப்பால் ஹந்தானை மலை பளிச்சென்று நிற்கும். தையில் அந்த மலையே காணாமல் போகும். மலை காணாமல் போனால் அக்காவுக்கு மூச்சிழுப்பு வரும்.

அக்கா கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பவள். ஆனால் அவளுடைய இழுப்பு எங்கள் வீட்டு ரகசியம். அதைக் கேள்விப்பட்டு ஏற்கெனவே ஒரு வரன் நழுவிப் போயிருந்தது. அதனால் மேலே தேயிலை மலையில் இருக்கிற மடுல்கெல்லையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் இழுப்பு வந்தால் அக்கா வாயில் அடிக்கிற பம்ப்பை அம்மா எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டாள்.

"வைகாசில வரச் சொல்லலாமேம்மா. அப்ப காத்து நல்லா இருக்கும்" என்றேன்.

"தையில வாறவங்களத் தள்ளிப் போட்டா, பொண்ணுக்கு என்னமோ கோளாறுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

அவர்கள் வருகிற அன்று குப்பை எரிக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடமும் அம்மா கேட்டு வைத்தாள். அவர் நல்ல மனுஷி. முதல் நாள் மாலையே எல்லாவற்றையும் எரித்து முடித்துவிட்டார். விடிந்தபோது அந்தப் புகை எங்கள் முற்றத்தை விட்டு நகரவேயில்லை. ஹந்தானை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பஸ்ஸில் வந்து, நெரிசலில் இறங்கி, எங்கள் வீட்டுப் படிகளை ஏறி வந்தார்கள். அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பேசினால் இருமல் வரும், சிரித்தாலும் வரும் என்று அம்மா எச்சரித்திருந்ததால் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். மாப்பிள்ளையும் தலையை மட்டுமே ஆட்டினார். அடக்கமான ஜோடி என்று அம்மா பூரித்துப் போனாள்.

அப்போது விசில் மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது. அம்மா அக்காவை முறைத்தாள். நான் இல்லை என்று அக்கா கண்ணால் சொன்னாள். சத்தம் எதிரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து வந்தது.

மாப்பிள்ளை சட்டைப் பையைத் தடவினார். பிறகு தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார். "இந்தப் பனி அவனுக்கு ஒத்துக்கல" என்றார் சின்னக் குரலில். மாப்பிள்ளையின் தோள்கள் ஏறி இறங்கின. நெற்றி வியர்த்துவிட்டது. அம்மா அப்போதும் அசையவில்லை. அவள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா எழுந்து உள்ளே போனாள். வாளி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. வந்தவள் பம்ப்பில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, அதன் வாயைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"நல்லா குலுக்குங்க. மூச்ச வெளிய விட்டுட்டு அடிங்க." வகுப்பறைக் குரல். அவர் அப்படியே செய்தார்.

மூச்சு சீரானதும் அவருடைய அம்மா கேட்டார்: "இது யாரோடது?"

"சின்னவளோடது" என்று அம்மா என்னைக் காட்டினாள். பெரியவளைக் கரையேற்ற என்னை ஒரு நொடியில் தண்ணீரில் தள்ளிவிட்டாள்.

"என்னோடதுங்க" என்றாள் அக்கா.

மாப்பிள்ளையின் அம்மா பம்ப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கிளம்புறப்ப அவன் பையில இருந்த பம்ப்ப நான்தாம்மா எடுத்து வீட்டுல வச்சுட்டு வந்தேன்." மாப்பிள்ளை சிரித்தார். அக்காவும் சிரித்தாள், இருமினாள், அதையும் யாரும் மறைக்கவில்லை.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. இப்போது அவர்கள் மடுல்கெல்லையில் நல்ல காற்றில் இருக்கிறார்கள். தை பிறந்தால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது, ஃபோனை எடுத்து அக்காவை வரச் சொல்லுவாள்.

"ஹந்தானை தெரியுதா?" என்று அக்கா கேட்பாள்.

"பளிச்சுன்னு தெரியுது" என்பாள் அம்மா, வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல்.

"அப்ப சரி, வாறோம்" என்று அக்காவும் புறப்பட்டு வருவாள், கைப்பையில் இரண்டு பம்ப்போடு.