விளக்குக் கண்ணாடிக்குள் இருந்த உப்பு

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் என்னைத் தேடி வருகிறார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஒரு வண்டியை என்னைப்போல் பார்த்து வாங்கக்கூடிய ஆள் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை கிடையாது. மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் வயதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. குறிஞ்சிப்பிட்டியில் இருந்துகொண்டு வாடிகளில் கருவாடு எடுத்து விற்றேன். மீன்பிடிக்காரர்கள் பருவத்துக்கு வந்து கொட்டில் போட்டுத் தங்குமிடம்தான் வாடி. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலையில் முதலில் வந்து நிற்கும் வியாபாரிக்கே அந்தக் கிழமை ஏழு நாள் கருவாடும். சைக்கிள் மிதித்தே ஏழு வருடம் நான்தான் முதல் ஆள். பிறகு சிலாபத்து வியாபாரி ஒருவர் லொறி வாங்கினார், என் இடம் போயிற்று. பெரிய வாடியின் சொந்தக்காரரான சம்மாட்டி என்னை மதித்துத் தவணை தந்தார். இன்னும் மூன்று திங்கட்கிழமை பார்ப்பேன், அதற்குள் நீ முந்தாவிட்டால் லொறிக்காரரோடு நிரந்தரமாகப் பேசி முடித்துவிடுவேன் என்றார். அந்த வாடி போனால் நான் பழையபடி அடுத்தவன் கடையில் மூட்டை தூக்கவேண்டியதுதான்.

புத்தளத்தில் ஒரு கடை முதலாளி பட்டாளத்து மோட்டார் சைக்கிள் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு வள்ளம் ஏறினேன்.

வண்டி புதுப் பச்சைப் பூச்சில் மினுங்கியது. மச்சினன் அதைப் பார்த்தே மயங்கிவிட்டான். நான் முதலில் எஞ்சினில் உள்ளங்கையை வைத்தேன். ஆள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் எந்த நோயாளி வண்டியும் ஒரே உதையில் கிளம்பும். இது குளிர்ந்திருந்தது, நாலாம் உதையில் பிடித்தது. சக்கரத்தைத் தூக்கி ஆட்டினேன். பின்னால் குந்தி, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தேன். இவ்வளவும் யாரும் பார்ப்பார்கள். பிறகு முன்விளக்கின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே விரலால் துடைத்து நாக்கில் வைத்தேன்.

"என்ன தம்பி, கருவாடெண்டு நினைச்சியா?" என்றார் முதலாளி. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆசனத்துக்கு அடியிலும் துடைத்து நக்கினேன். வியர்வை உப்பு வேறு, கடல் உப்பு வேறு. கடல் உப்பு கடைசியில் ஒரு கசப்பை விட்டுவிட்டுப் போகும். உப்பிலேயே கிடந்த என் நாக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

"முதலாளி, இது எவ்வளவு நேரம் கடலுக்குள்ள கிடந்த?"

அவர் சிரித்தவர்களை உள்ளே அனுப்பினார். கற்பிட்டியில் வள்ளத்தில் ஏற்றும்போது பலகை சரிந்து வண்டி விழுந்ததையும், அரைநாள் கழித்துத் தூக்கிக் கழுவி ஓடவைத்ததையும் மெதுவாகச் சொன்னார். வெளியில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், நானும் வாக்குக் கொடுத்தேன். விலையும் தானாக இறங்கியது.

மச்சினன் என் சட்டையை இழுத்தான். "வாணாம் மச்சான். கடல்ல முங்கினதக் காசு குடுத்து வாங்குற மொத ஆள் நீதான்."

நான் வாங்கினேன். பழைய வண்டி என்றால் ஏதாவது பிழை இருக்கும். அது நம் கைக்குத் தெரிந்த பிழையா என்பதைத்தான் பார்க்கவேண்டும். எஞ்சினுக்குள் வெடிப்பு என்றால் நான் என்ன கண்டேன்? உப்பு என்றால் என்னைவிடத் தெரிந்தவர் யார்?

வீட்டுக்குக் கொண்டுவந்து வண்டியைக் கழற்றினேன். எழுதி வைக்கத் தெரியாததால், வள்ளத்தின் பழைய பாய்ச்சீலையில் கழற்றிய வரிசையிலேயே பாகங்களைப் பரப்பினேன். பிறகு பழுதான வள்ளமொன்றில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, அதே வரிசையில் ஊறப்போட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன். ஒன்பதாம் நாள்தான் தண்ணீர் நாக்குக்கு இனித்தது. பொறி அடிக்கும் பெட்டியை மட்டும் நனைக்காமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வெயிலில் வைத்தேன். இனி உப்பு அண்டாதபடி, வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயை எல்லாவற்றுக்கும் பூசினேன். அது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். எஞ்சின் சூடானதும் எழுந்த நாற்றத்தில், வண்டி வேலிக்கு அப்பால்தான் நிற்கவேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

இதற்குள் இரண்டு திங்கட்கிழமைகள் லொறிக்குப் போய்விட்டன.

மூன்றாவது திங்கள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வண்டியை உதைத்தேன். ஆறு உதைக்கும் அது பேசவில்லை. ஏழாவதற்குப் பிடித்தது. மணல் பாதைக்காக டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டுப் புறப்பட்டேன்.

வாடியில் வேறு வியாபாரி யாரும் இல்லை. சம்மாட்டி கரியால் பல் விளக்கியபடி வெளியே வந்து மூக்கைச் சுளித்தார்.

"வலையில சுறா இல்லை, ஆனா சுறா மணக்குது. நீதானா?"

"ஓம், நான்தான்."

அவர் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தராசை மாட்டச் சொன்னார்.

பாதிக் கருவாடு நிறுத்து முடிந்தபின் லொறி வந்தது. இன்றைக்கு ஆள் முந்திவிட்டார் என்று சம்மாட்டி லொறிக்காரரிடம் சொன்னார். அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே என் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பெற்றோல் தாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமான். எங்க வாங்கின?"

"புத்தளத்தில" என்றேன். முதலாளிக்குக் கொடுத்த வாக்குக்காக, மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றினேன்.