பிரேக் பெடல் நடுங்கினால் என்ன செய்வீர்கள்?

போன மாதம் ஒரு வொர்க்‌ஷாப்பில், முன்பின் தெரியாத மனிதர் முன்னால் அழுதுவிட்டேன். காரணம் ஒரு பிரேக் பெடல். சிரிக்காதீர்கள்... முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் கணவருக்கு ஐம்பது வயதில் கார் ரேஸ் ஆசை வந்திருக்கிறது. நிஜ ரேஸ் இல்லை. ஒரு சீட், ஸ்டீயரிங், பெடல்கள், முன்னால் பெரிய திரை. லிங்கராஜபுரத்தில் எங்கள் இரண்டாவது மாடி ஹாலில் பாதி இடம் இப்போது ரேஸ் மைதானம். சோபா பால்கனிக்குப் போய்விட்டது. அதுவும் போதவில்லையாம். "ஓட்டுற ஃபீலே இல்ல" என்றார். சீட்டுக்கு அடியில் அதிரும் கருவி ஒன்றை மாட்டினால், என்ஜின் உறுமுவது முதுகில் தெரியுமாம்.

மர்பி டவுனில் ஸ்டீபன் என்பவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் இந்தச் சாமான்களை விற்று, மாட்டியும் கொடுக்கிறார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார் என் கணவர்.

தட்டு சைஸில் ஒரு கனமான கருவியை எடுத்து வைத்தார் ஸ்டீபன். "இது பேஸ் ஷேக்கர் மேடம். ஸ்பீக்கர் மாதிரிதான். சத்தத்துக்குப் பதிலா அதிர்வு வரும்" என்றவர், என் கணவரிடம் திரும்பினார். "சார், கீழ் வீட்ல யாரு?"

"ஹவுஸ் ஓனர்."

"அப்ப இந்தப் பெரிசு வேணாம் சார். நீங்க இங்க கியர் மாத்தினா, அங்க அவர் தட்டுல சாம்பார் ஆடும். சும்னே எதுக்கு வம்பு."

பொருளை விற்பவரே வேண்டாம் என்கிறார். எனக்கு ஸ்டீபனைப் பிடித்துப்போயிற்று.

"நீ உட்காரு, சீட் எவ்வளவு அதிருதுன்னு நான் பின்னாடியிருந்து பாக்கறேன்" என்றார் என் கணவர். சின்னக் கருவி மாட்டி, ஓட்டிப் பார்க்க அங்கே வைத்திருந்த சீட்டில் உட்கார்ந்தேன். கை ஸ்டீயரிங்கில் பட்டதும் உள்ளங்கை வேர்த்தது.

இந்தப் பக்கத்தில் எதையெதையோ எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. அன்றைக்கு நான் கார் ஓட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது.

சந்தாபுராவில் என் தங்கை இருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் நானே ஓட்டிக்கொண்டு போவேன். வாரத்தில் எனக்கே எனக்கென்று இருந்தது அந்தப் பயணம்தான். ஒரு மழை நாளில், ஓசூர் ரோட்டில், முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏதோ கடகடவென்று உடைவது போல இருந்தது... அடுத்த நொடி ஆட்டோவின் முதுகில் என் கார். யாருக்கும் அடியில்லை. ஆனால் ஆட்டோக்காரர் கேட்டார், "பிரேக் மிதிக்கத் தெரியாதா மேடம்?"

மிதித்தேனே! சர்வீஸ் சென்டரில் அலசிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். காரில் குறையில்லை என்றால், குறை யாரிடம்? அன்றைக்குச் சாவியை மாட்டி வைத்தவள்தான். தங்கையிடம் வாரா வாரம் ஒரு பொய். தலைவலி, விருந்தாளி, எழுத்து வேலை...

சரி, ஸ்டீபனிடம் வருவோம். சீட் அதிர்ந்தது. மிக்ஸி மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "பெடல்ல சின்ன மோட்டார் ஒண்ணு மாட்டியிருக்கேன், அதையும் பாருங்க" என்றார் ஸ்டீபன். திரையில் ஈரச் சாலை. வேகமாகப் போய் பிரேக்கை மிதித்தேன்.

கடகடகட...

அதே நடுக்கம். காலை உதறி எடுத்தேன். திரையில் என் கார் போய்ச் சுவரில் மோதியது.

"ஏன் மேடம் கால எடுத்தீங்க?"

"பிரேக் உடைஞ்சிடுச்சு."

"உடையல மேடம். அது ஏபிஎஸ். ஈரத்துல வீல் லாக் ஆகி வழுக்கிடாம, பிரேக்க விட்டு விட்டுப் பிடிக்குது. நிஜ கார்லயும் இப்படித்தான் நடுங்கும். அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். எடுக்கவே கூடாது, இன்னும் அழுத்தணும்."

பின்னாலிருந்து என் கணவர் மெதுவாகக் கேட்டார், "அன்னிக்கும் கால எடுத்துட்டியா?"

அப்போதுதான் அழுதேன். அவமானத்தில் இல்லை. எட்டு மாதமாக என் மேல் நானே போட்டிருந்த வழக்கு தள்ளுபடியான நிம்மதியில்.

கார் வாங்கிய அன்று ஷோரூமில் ஏபிஎஸ் இருக்கிறது என்று சொன்னார்கள்தான். நாமும் தலையாட்டினோம். அது வேலை செய்யும்போது பெடல் எப்படி இருக்கும் என்று யாராவது மிதிக்க வைத்துக் காட்டினார்களா? உதவிக்கு வந்ததைப் பார்த்துப் பயந்து, அதன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். நம்மில் எத்தனை பேர், எத்தனை விஷயத்தில் இப்படி அழுத்த வேண்டிய நேரத்தில் காலை எடுத்துவிடுகிறோமோ?

சீட்டுக்கு எதுவும் வாங்கவில்லை. பெடல் மோட்டாரை மட்டும் வாங்கினோம். என்ஜின் உறுமல் போனதில் என் கணவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூன்று வாரம், தினமும் காலையில் காபிக்கு முன் இருபது முறை மிதித்தேன். முதல் வாரம் கால் தானாகவே மேலே வந்தது. மூன்றாவது வாரம் வரவில்லை.

போன ஞாயிறு காலை, தூறல். நான்தான் ஓட்டினேன், பக்கத்து சீட்டில் என் கணவர். சந்தாபுராவுக்கு முன்னால், வீடுகள் இன்னும் வராத ஒரு லே-அவுட்டில் வண்டியைத் திருப்பினேன். ஆள் இல்லை, மாடு இல்லை, ஈரமான ஜல்லி ரோடு. நாற்பதில் போய் ஓங்கி மிதித்தேன். பெடல் நடுங்கியது. என் காலும் நடுங்கியது. ஆனால் எடுக்கவில்லை... வண்டி நேராகப் போய் நின்றது. இன்னும் இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, தங்கை வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். வெளியே வந்தவள், டிரைவர் சீட்டில் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டை அகலத் திறந்தாள்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது என் கணவர் கை நீட்டினார். "சாவி குடு, போகும்போது நான் ஓட்டறேன்."

உங்களுக்குத்தான் ஹாலில் ஒரு கார் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.