ரசமட்டம் வைத்து மாட்டிய மழைக்குழாய்

என் வீட்டுக்காரர் தச்சர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரசமட்டம்’ என்றால்தான் தெரியும். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மட்டம் பார்க்கிற அந்த ரசமட்டம், கண்ணாடிக் குமிழி வைத்த சின்ன மட்டப்பலகை, இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் சுவரில் மாட்டிய படத்தை நேராக்குவார். இருபத்தாறு வருஷமாக இந்த மனிதரோடு குப்பை கொட்டுகிறேன்.

பின்கட்டு அறை என் தையலறை. போன மழைக்குக் கூரைத் தண்ணீர் சுவரோரம் கொட்டி, ஈரம் உள்ளே இறங்கி, அலமாரியில் மடித்து வைத்திருந்த ஒரு மணப்பெண்ணின் உடுப்பில் பழுப்புக் கறை பட்டுவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் திட்டவில்லை, வெறுமனே பார்த்தார். இன்னொரு முறை அப்படி நடந்தால் என் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த வருஷமும் ஒரு கல்யாண உடுப்பு கையில் இருந்தது.

“கூரையோரம் தண்ணி புடிக்கிற அரைவட்டக் குழாய் மாட்டணும். முக்குக்கடை குழாய்க்காரரைக் கூப்பிடுங்க” என்றேன்.

“ஒரு தகரக் குழாயை மாட்ட ஆளு கூப்பிடறதா? உளி புடிச்ச கைம்மா இது!”

இதே மனிதர்தான், பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வீடியோ பார்த்துத் தானே அலமாரி செய்யப் பலகை வாங்கியபோது, மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர். அதை ஞாபகப்படுத்தினேன்.

“அது மரம். இது தகரம்” என்றார்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் அதுவும் ஈரச்சுவர்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கொக்கிக்கும் மட்டப்பலகை வைத்து, நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம் பார்த்தார். குமிழி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கழற்றி மறுபடி மாட்டினார். கடைசியில் கீழே இறங்கி, “பாரு, எவ்வளவு நேரா இருக்கு!” என்றார். அதைச் சொல்லியாக வேண்டும், அவ்வளவு நேரான கோட்டை நான் பார்த்ததே இல்லை.

“ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்துடலாமாங்க?”

“ஏன், சந்தேகமா?”

வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

செவ்வாய்க்கிழமை மதியம் மழை பிடித்தது. குழாய் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மாட்டுத்தொட்டி மாதிரி நிரம்பியது. பிறகு நீளம் முழுக்க வழிந்தது, அதுவும் சுவர்ப் பக்கமாக. போன வருஷம் ஒரே இடத்தில்தான் ஒழுகியது. இப்போது சுவர் மொத்தமும் குளித்தது. துணிகளை எல்லாம் கட்டிலில் அள்ளிப் போட்டேன். கல்யாண உடுப்பை மட்டும் எங்கேயும் வைக்க மனசு வராமல், கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வெளியே ஏணிமேல் நனைந்தபடி அவர் கத்தினார்:

“மட்டம் சரியாத்தான்டீ இருக்கு!”

மறுநாள் நானே போய்க் குழாய்க்காரரைக் கூட்டி வந்தேன். அவர் ஏணியில்கூட ஏறவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணே, அலமாரித் தட்டு மாதிரி மாட்டிருக்கீங்க. தண்ணி ஓடறதுக்கு வாட்டம் வேணாமா? பத்தடிக்கு அரை அங்குலமாவது சாயணும். வெளி விளிம்பும் கொஞ்சம் தாழ இருக்கணும், மீறி வழிஞ்சாலும் சுவத்துல படாது.”

இவர் மட்டப்பலகையைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். அரை நாளில் வேலை முடிந்தது. அடுத்த மழைக்குச் சுவர் நனையவில்லை. இவர் உள்ளே வந்து உள்ளங்கையால் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ‘என் தப்புதான்’ என்று எனக்கு ஒரு வார்த்தை வரும் எனக் காத்திருந்தேன். வரவில்லை. உடுப்பு கறைபடாமல் போய்ச் சேர்ந்தது. அந்த வார்த்தை மட்டும் வந்து சேரவில்லை.

பத்து நாள் கழித்து, அந்த வீடியோ அலமாரிக்காரரின் மனைவி அளவு கொடுக்க வந்தார்.

“அலமாரிக் கதவு மூடவே இல்லைங்க. உங்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டோம். சிரிப்பாரோன்னு பயந்தோம். ‘தெரியாம செஞ்சது தப்பில்லீங்க, கேக்காம செஞ்சதுதான் தப்பு. நானும் அப்படித்தான் செஞ்சேன், வீட்டுல பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டாங்க’ன்னாரு. எவ்வளவு தன்மையான மனுஷன்!”

எனக்கு வர வேண்டியது விலாசம் மாறி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது.

சாயங்காலம் அவர் வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். “அலமாரிக்காரர் வீட்டுல சொன்னதை இங்கயும் ஒரு தரம் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு என் தலைக்கு மேலே பார்த்து, “அந்தக் காலண்டர் கோணலா இருக்கு” என்று சொல்லி, அதை நேராக்கப் போனார்.