ஒரு நாள் முந்தி வாங்கிய மீன்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு பெஸ்தாரி ஜெயாவிலிருந்து மகேஸின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். மகேஸ் என் வகுப்புத் தோழி, அறைத்தோழி, சமையல் கூட்டாளி. அடுத்த பருவம் முழுக்க எங்கள் இருவருக்கும் கோல சிலாங்கூரில் தொழிற்பயிற்சி. தங்க அறை வேண்டும். அறை கிடைப்பது பெரிய பாடில்லை. அடுப்போடு கிடைப்பதுதான் பாடு. அதுவரை கேட்ட மூன்று வீடுகளிலும் ஒரே பதில்: தண்ணீர் சுட வைக்கலாம், மீ நூடுல்ஸ் அவிக்கலாம், தாளிக்கக் கூடாது. பயிற்சிக்குக் கொடுக்கும் சொற்பப் பணத்தில் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் பாதி மாதத்தில் பட்டினிதான். அதைவிட, தாளிக்காமல் ஆறு மாதம் உயிர் வாழ என்னால் முடியாது.

நான்காவது வீடு புக்கிட் பெலிம்பிங்கில். வீட்டுக்காரர் புஷ்பா அக்கா, செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை செய்பவர். போனில் அடுப்பைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார்.

"சனிக்கெழம மத்தியானம் வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம். உங்களப் பாத்துட்டுத்தான் அடுப்பப் பத்திச் சொல்வேன்."

சாப்பிடக் கூப்பிட்டவர் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போவதா? எங்கள் புரட்டாசி விரதம் வேறு முந்தின நாளோடு முடிந்திருந்தது.

"ஜெராமுக்குப் போயி நல்ல மீனா வாங்கிட்டுப் போவோம்லா. அக்காவும் ஒரு மாசமா நாக்கு செத்துப் போயி இருப்பாங்க" என்றாள் மகேஸ். எனக்கு இதைவிட நல்ல யோசனை அன்று தோன்றவில்லை.

ஈஜோக் தாண்டியதும் இருபுறமும் செம்பனை. குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது, முந்த வழியில்லை. புக்கிட் ரோத்தானில் டீ குடித்தோம், ஒரு கிளாஸ் இரண்டு வெள்ளி. எங்கள் இருவருக்கும் இது வீட்டை விட்டுத் தள்ளியிருந்து பிடித்த முதல் புரட்டாசி. ஒரேயொரு ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டையும் தின்ற தீனியையும் தனியாக எழுத வேண்டும். கீழே சோறு, மேல்தட்டில் பூசணி. சோற்றை எடுத்த பிறகு அதிலேயே பருப்பு. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை முடியும் நேரத்துக்குப் போனால் கீரை ஒரு கூறு ஒரு வெள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள். சோயாக் கட்டியில் மகேஸ் செய்யும் தெம்பே சம்பலுக்குப் பக்கத்து அறைப் பெண்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். அந்த ஒரு மாதம் நாங்கள் நன்றாகவே சாப்பிட்டோம், பொய் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு ஜெராம். மீன் கடைகளில் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான் நின்றார்கள். ஒரு தமிழ் முகம் இல்லை.

"பாத்தியா, நம்ம ஆளுங்க இன்னும் எந்திரிக்கவே இல்ல. நாமதான் பர்ஸ்ட்டு!" என்றாள் மகேஸ். நானும் பூரித்துப் போனேன். அக்காவுக்கு ஒரு சியாக்காப், அதாவது கொடுவா, பதினெட்டு வெள்ளி. எங்களுக்கு ஒரு கிலோ கெம்போங், பதின்மூன்று வெள்ளி. ஐஸ் போட்டுக் கட்டி, மோட்டாரின் முன் கூடையில் வைத்து, கோல சிலாங்கூரைத் தாண்டி, வழியில் இரண்டு இடத்தில் நிழலுக்கு ஒதுங்கி, புக்கிட் பெலிம்பிங் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம்.

வாசலில் பெரிய கோலம். உள்ளே பெருமாள் பாட்டு. நெய்யும் துளசியும் மணத்தன. புஷ்பா அக்கா நெற்றியில் நாமத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்க, வாங்க. இன்னிக்குக் கடைசி சனி, தளிகை போட்டிருக்கேன். நல்ல நாளாப் பாத்துத்தான் உங்கள வரச் சொன்னேன்."

மகேஸின் கையில் பை சொட்டுச் சொட்டாக ஒழுகி, கோலத்தின் ஓரத்தை நனைத்தது. அக்கா பையைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்தார். போச்சு, அடுப்பும் போச்சு, அறையும் போச்சு.

"மீனா?"

"புரட்டாசி நேத்தோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சோங்க்கா" என்று மகேஸ் அழாத குறையாகச் சொன்னாள். "மாசம்னா முப்பது நாளுதானேன்னு..."

"இந்த வருசம் முப்பத்தொண்ணு. காலண்டர் பாக்க மாட்டீங்களா?"

எங்கள் அறையில் தமிழ்க் காலண்டர் கிடையாது. வீட்டில் மட்டும் என்ன, நாங்களா பார்த்தோம்? அம்மா "நாளைக்கு மீன்" என்று சொன்னால் மாதம் முடிந்தது என்று அர்த்தம். விரதத்தை நாங்கள் பிடித்தோம், கணக்கை அம்மா பிடித்தார். அது அந்த வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"சாப்பிட்டுட்டீங்களா?"

"இல்லங்க்கா. வாங்குனதோட சரி."

"அப்ப விரதம் கெடல." அக்கா வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "காக் ரோஸ்!" பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி எட்டிப் பார்த்தார். இரண்டு வார்த்தையில் விஷயம் புரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீன் வேலி தாண்டி அவருடைய ஐஸ்பெட்டிக்குப் போனது. நாங்கள் வெளிக் குழாயில் கைகால் கழுவி, ஈரமான கோலத்தைச் சுற்றி உள்ளே போனோம்.

வாழையிலையில் புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், வடை, சாம்பார், ரசம், நான்கு கறி. வெட்கத்தில் முதல் வாய்தான் இறங்கவில்லை. இரண்டாவது தானாக இறங்கியது. சாப்பிடும்போதே விசாரணை. ஒரு மாதம் என்ன சமைத்தீர்கள், எதில் சமைத்தீர்கள், எண்ணெய்ச் சட்டியை யார் கழுவுவார்கள் என்றெல்லாம் கேட்டார். மகேஸ் தெம்பே சம்பலைச் சொன்னாள். நான் குக்கரில் பருப்பைக் கடையும் வித்தையைச் சொன்னேன்.

"கடைசி வரைக்கும் கவுச்சி தொடலையா?"

"தொடலங்க்கா. சிரமமே தெரியல" என்றேன். அது உண்மை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். என் ஊரில் ஒரு வீட்டு வாசலில் இப்படி மீனோடு போய் நின்றிருந்தால் பத்து வருடத்துக்குப் பேசிக் காட்டுவார்கள். இங்கே இலை போட்டுச் சோறு போட்டார்கள். அந்த நிறைவோடு, அடுப்பைப் பற்றி மறுபடி கேட்க வாய் வராமல், மோட்டாரில் ஏறி உட்கார்ந்தோம். அக்கா கேட் வரை வந்தார்.

"குசினியில ரெண்டு அடுப்பு. எடது பக்கம் உங்களுது. தாளிங்க, பொரிங்க, ஆனா சுத்தமாத் தொடைக்கணும்."

மகேஸ் என் கையைக் கிள்ளினாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையமர்த்திவிட்டு, உள்ளே பாட்டு இன்னும் ஓடுகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு ஐப்பசி. காலையிலயே வந்து அந்த சியாக்காப்பக் கொழம்பு வச்சிருங்க. தலை எனக்கு."